மாமன் வழி வந்த கண்

மாமாவுக்குக் கண் வருத்தம் என்று தெரிந்த அன்றே, அது அடுத்ததாக எனக்குத்தான் வரும் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது டொக்டர் அல்ல, மாமா.

இதை வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் விளங்காது. மட்டக்களப்புப் பக்கம் எங்களுக்குக் குடி என்கிற குலப்பிரிவு தாய் வழியில் வரும். அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன் எவ்வளவு பெரிய மனிசனாக இருந்தாலும் அவர் பெற்ற பிள்ளை அவருடைய குடி இல்லை. அவருடைய சகோதரி பெற்ற பிள்ளைதான் அவருடைய குடி. கோயிலில் எங்கள் குடிக்கென்று ஒரு வண்ணக்கர் உண்டு. கோயில் நிர்வாகம், திருவிழா, கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பதவி மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் இறங்கும். பெரிய மாமா என்று நாங்கள் சொல்லும் பழைய வண்ணக்கரிடமிருந்து என் மாமா இளையதம்பிக்கு வந்தது. அவருக்குப் பிறகு என் தலையில் விழக் காத்திருக்கிறது. மாமாவின் ஒரே சகோதரி என் அம்மா, அவ செத்துப் போனா. அக்கா கட்டாரில். வேறு மருமகன் இல்லை, ஆகவே தப்பி ஓட எனக்கு வழியில்லை.

அது போதாதென்று நான் கட்டியிருப்பதும் மாமாவின் ஒரே மகளைத்தான். கம்சாயினி. முந்தி "டேய்" என்று கூப்பிட்ட மனிசன், கலியாணத்துக்குப் பிறகு "மருமகன், வாங்க, இருங்க" என்று மரியாதை கொடுக்கத் தொடங்கினார். அந்த மரியாதைக்குள்ளே பழைய "டேய்" பதுங்கியிருப்பது எனக்கு இன்றைக்கும் கேட்கும். நான் பெரியகல்லாற்றில் ஸ்கூல் வேன் ஓடுகிறேன். இருப்பது மனைவியின் வீட்டில். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாமாவும் மாமியும் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள்.

மாமா என்னோடு வேனில் டவுனில் உள்ள கண் கிளினிக்குக்குப் போனதே வலக் கண்ணில் வெள்ளை படர்கிறதோ என்று பார்க்கத்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. வலக் கண்ணில் வெள்ளை இல்லை. ஆனால் அவர் குறையே சொல்லாத இடக் கண்ணைத்தான் டொக்டர் நளீர் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு ஒரு மெஷினில் இருத்திப் படம் எடுக்கச் சொன்னார். தாடையை ஒரு தாங்கியில் வைத்து உள்ளே பார்க்க வேண்டும். அது கண்ணைத் தொடாது. நோவும் இல்லை. படம் ஒரு தாளில் வந்தது. பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் கெட்டது என்று ரோட்டு லைட் மாதிரித்தான் இருந்தது. மாமாவின் இடக் கண் முழுக்கச் சிவப்பு.

"கண்ணில இருந்து மூளைக்குப் போற நரம்பு இது" என்றார் டொக்டர். "இதுக்குள்ள மெல்லிய இழைகள் இரிக்கி. இந்தப் படம் அந்த இழைகள்ர தடிப்ப அளக்கும். ஐயாட இடக் கண்ணில முக்கால்வாசி மெலிஞ்சி போச்சி. இதுதான் குளுக்கோமா."

"நான் பஞ்சாங்கத்தில சின்ன எழுத்தும் வாசிக்கிறன் டொக்டர்."

"வாசிப்பீங்க. ஓரப் பார்வைதான் முதல்ல போகும். நடுப் பார்வை கடைசியாத்தான் போகும். போறது உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பார்வை போவது பார்க்கிறவனுக்கே தெரியாது என்றால், அது போனதாக எப்படிச் சொல்வது? "தெரியாமப் போகுமா டொக்டர்?" என்று கேட்டேன். ஒரு கண் விடுவதை மற்றக் கண் பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை மூளை தானாகவே நிரப்பிவிடும், ஆகவே கறுப்பாக ஒன்றும் தெரியாது என்றார். எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. சொட்டு மருந்து எழுதித் தந்தார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு நாளும் விடக்கூடாது என்றார். கடைசியில், "இது இரத்த வழியால வரும். சகோதரங்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் படம் எடுக்கணும்" என்றார்.

மாமா பலமாகத் தலையாட்டினார். வேனில் ஏறியதும் சொன்னார்: "மருமகன், அடுத்த முறை உங்கட கண்ணக் காட்டுங்க."

"டொக்டர் பிள்ளைகள எண்டுதானே மாமா செல்லினவர்?"

"அது மத்த ஊர்க்காரருக்கு. பெரிய மாமா கடைசிக் காலத்தில தடியோட திரிஞ்சவர், தெரியுந்தானே? கண்ணில வெள்ளை எண்டு விட்டுட்டம். அது வெள்ளை இல்ல, இதுதான். அவருக்கு வந்தது, மறுகா எனக்கு வந்தது. கோயில் திறப்பு வந்த வழியாலதான் வருத்தமும் வந்திரிக்கி. இனி ஆருக்கு?"

கேள்வி சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் மாமி ஒரு படி மேலே போனா. "என்ட குடியில ஒருத்தருக்கும் கண் வருத்தம் இல்ல. என்ட புள்ளைக்கு ஒண்டும் வராது. நீங்கதான் வெள்ளெனப் போய்க் காட்டுங்க மருமகன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன புண்ணியம்?" கம்சாயினி பக்கத்தில் நின்று கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பாவம் பார்த்து எனக்கும் கொஞ்சம் தந்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண் போனால் வேன் போகும். வேன் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

அடுத்த முறை நானும் காட்டப் போனேன். படம் எடுக்கும் அறையில் இன்ஷிரா என்ற பிள்ளை இருந்தாள். ஓட்டமாவடியில் இருந்து வேலைக்கு வருகிறவள். "பச்சை நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டு இரிங்க. கண் வெட்டப்படாது" என்றாள். இமை வெட்டக்கூடாது என்று சொன்ன பிறகு எந்த மனிசனுக்குக் கண் வெட்டாமல் இருக்கும்? நட்சத்திரம் ஒன்று இரண்டானது. சிவப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே வந்தது. இமை தானாக இறங்கியது. தாள் வந்தது. வலக் கண் பச்சை. இடக் கண்ணில் மேல் பக்கம் மஞ்சள்.

"மஞ்சள் எண்டா என்ன டொக்டர்? இருக்கா, இல்லையா?"

"இரிக்கி எண்டும் செல்ல ஏலா, இல்ல எண்டும் செல்ல ஏலா. படமும் தெளிவில்ல. மாரி மழை முடிய வாங்க, திரும்ப எடுப்பம்."

இருக்கிறது என்றால் மருந்து விடலாம். இல்லை என்றால் சந்தோஷமாக இருக்கலாம். இரண்டும் இல்லாத மஞ்சளை வைத்துக்கொண்டு ஒரு மனிசன் மாரி முழுக்க என்ன செய்வது? அந்த டொக்டர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்ல மனிசன்தான். ஆனாலும் வந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாலத்தில் ஏறும்போது ஒரு கண்ணைப் பொத்தி வாவியைப் பார்ப்பேன். வலக் கண்ணுக்குத் தெரிகிற தோணி இடக் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாக இருப்பது போலிருக்கும். மறுபடி பார்த்தால் வலக் கண்தான் மங்கலாக இருக்கும். மூன்றாம் முறை பார்ப்பதற்குள் தோணி போய்விடும். எதிரே வரும் பஸ்ஸின் லைட்டைச் சுற்றி வட்டம் தெரிந்தது. அது மழையாலா, கண்ணாடியில் படிந்த ஊத்தையாலா, நரம்பாலா? வேனில் வரும் பிள்ளைகள், அங்கிள் ஒத்தைக் கண்ணால் ஓடுகிறார் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒரு தாய் போன் எடுத்து, "தம்பி, தண்ணி கிண்ணி பாவிக்கிறயளா?" என்று கேட்டா. நான் அழாத குறை.

கம்சாயினிக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. பின்னேரம் என்னைக் கதிரையில் இருத்தி, நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, காதுப் பக்கமிருந்து விரல்களைக் கொண்டு வருவாள்.

"எத்தின விரல் மச்சான்?"

"மூண்டு."

"இப்ப?"

"ரெண்டு. இல்ல, மூண்டு. நீ ஆட்டாதகா."

"எல்லாம் தெரியுது உங்களுக்கு. மனசுதான் மஞ்சள்."

சிரித்துச் சிரித்தே என்னை அந்த மாரிக்குள் நடத்தினாள். நானும் என் பங்குக்கு அவள் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தேன். ஸ்கூல் ஓட்டம் மட்டும் என்னோடு. பொழுது சாய்ந்த பிறகு எங்கே போவதானாலும் வேன் திறப்பு அவளிடம். லைசன்ஸ் முந்தியே எடுத்து வைத்திருந்தாள். அவள் கண் வருத்தமில்லாத குடி அல்லவா. அவள் ஓடும்போதுதான் நான் நிம்மதியாக இருந்தேன். பக்கத்தில் இருந்து கண்ணை மூடித் தூங்கக்கூடச் செய்தேன்.

மாரி முடிந்தது. மாமாவுக்கும் காட்டும் நாள், எனக்கும் திரும்ப எடுக்கும் நாள். அன்றைக்குப் பகலிலேயே வாவிக் கரை ரோட்டால் கம்சாயினிதான் வேனை ஓடிக்கொண்டு போனாள். கிளினிக் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, "நான் நிழலில விட்டுட்டு நிக்கிறன். நல்ல பச்சையா எடுத்துக்கொண்டு வாங்க" என்றாள்.

இந்த முறை இன்ஷிரா என் இமையைத் தன் விரலால் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். தாள் வந்தது. இடமும் பச்சை, வலமும் பச்சை. போன முறை இமை பாதி இறங்கிப் படத்தை மறைத்ததால்தான் அந்த மஞ்சள் என்றார் டொக்டர். ஒரு மாரி முழுக்க நான் பயந்து செத்தது என் இமைக்காகத்தான். எனக்குக் கோபமே வரவில்லை. அந்த இடத்திலேயே டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

மாமாவின் முகத்தில் மட்டும் சந்தோஷத்தோடு ஏதோ ஒரு குழப்பமும் இருந்தது. "அப்ப என்னோட நிக்கிதா டொக்டர் இது? இவருக்குப் பிறகு வேற ஆளில்ல."

"அதெப்படி?" டொக்டர் தாளைக் கீழே வைத்தார். "உங்கட பிள்ளைகள் எங்க? போன முறையே செல்லினனே."

"ஒரு மகள்தான். இவர்ர மனிசி. வெளியில வேனோட நிக்கிறா. அவவுக்கு வராது டொக்டர். அவ தாய்ட குடி."

டொக்டர் காத்தான்குடி ஆள். அங்கேயும் குடி தாய் வழிதான். ஆகவே அவர் முழிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"நானும் உம்மாட குடிதான் ஐயா" என்றார். "ஆனா இந்த மூக்கு என்ட வாப்பாட மூக்கு."

மாமா டொக்டரின் மூக்கைப் பார்த்தார். நீளமான மூக்கு. பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துவிட்டேன். ஏனென்றால் அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது கம்சாயினியின் நெற்றி, புருவம், கண். மாமியின் சாயல் அதில் ஒரு துளியும் இல்லை. ஊரே சொல்லும், தகப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று. நாங்கள் எல்லோரும் அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அவளுக்குப் போன் எடுத்தேன். சிரித்துக்கொண்டே வந்தாள். "பச்சையா மச்சான்? செல்லினன்தானே" என்றாள். மெஷின் முன்னால் விளையாட்டாகவே இருந்தாள். தாடையை வைத்தாள். இமைக்கவே இல்லை. இன்ஷிரா படத்தைப் பார்த்தாள். திரும்ப எடுத்தாள். "கொஞ்சம் கண்ண மூடித் திறங்க" என்று சொல்லி மூன்றாம் தரமும் எடுத்தாள்.

"நான் வெட்டினனா தங்கச்சி?"

"இல்ல ராத்தா. நீங்க வெட்டல்ல."

மாரி முழுக்க போனில் இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்த ஆள் நான். நல்ல கண்ணின் கோடு இரண்டு இடத்தில் மேடாக எழும்பும் என்று எனக்குத் தெரியும். திரையில் அவளுடைய இடக் கண்ணின் கோட்டில் ஒரு மேடு இருந்தது. மற்றது இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமாகக் கிடந்தது. அந்த இடம் சிவப்பு. வலக் கண்ணிலும் ஒரு ஓரத்தில் மஞ்சள். நான் முதலில் நினைத்தது படம் மாறிவிட்டது என்றுதான். மாமாவின் படம் தவறி இவளுடைய பெயரில் வந்துவிட்டது. இல்லாவிட்டால் என்னுடையது. எனக்குத்தானே வர வேண்டும்? பயந்தது நான், பொத்திப் பொத்திப் பார்த்தது நான், வட்டம் தெரிந்தது எனக்கு. அவள் ஒரு கதவிலும் முட்டவில்லை, ஒரு கோப்பையையும் தட்டவில்லை, பஸ்களுக்கு நடுவே வேனை நூல் மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தவள். "இது மாறிப் போச்சி தங்கச்சி, பேரப் பாருங்க" என்றேன். இன்ஷிரா பெயரைக் காட்டினாள். கம்சாயினி என்றுதான் இருந்தது.

பிறகு அவளை ஒரு இருட்டு அறைக்குள் கொண்டு போனார்கள். உள்ளே சின்னச் சின்ன வெளிச்சம் வரும். கண்டவுடன் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நானும் மாமாவும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். அவள் வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"ஒண்டும் விடல்ல மச்சான். வந்த எல்லாத்துக்கும் அழுத்தினன்."

அந்தத் தாளையும் டொக்டர் எங்கள் முன்னால் வைத்தார். இடக் கண்ணின் வட்டத்தில் மேல் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு. அந்த இடத்திலும் வெளிச்சங்கள் வந்தன, ஒன்றுக்கும் அவள் அழுத்தவில்லை என்றார். கம்சாயினி திட்டின் மேல் விரலை வைத்தாள். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"இதில ஒண்டும் வரல்லயே டொக்டர்."

"வந்தது தங்கச்சி."

"வந்திருந்தா நான் காணாம இருப்பனா?"

டொக்டர் பொறுமையாக எல்லாம் சொன்னார். இன்னும் ஆரம்பம்தான். இந்த வயதிலேயே பிடிபட்டது பெரிய விசயம். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் கடைசி வரை பார்வையோடு இருக்கலாம். எனக்கு அந்த வார்த்தைகள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. சற்று முன்னம் என் பச்சைக்காக அந்த மனிசனின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது. என் கண்ணை அவளுக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்கப் பார்த்தேன். முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

மருந்துக்காக வெளி வாங்கில் காத்திருந்தோம். கம்சாயினி நடுவில். வலப் பக்கம் நான். இடப் பக்கம் மாமா. அவளுக்கு எழுதியதும் மாமா விடுகிற அதே சொட்டு மருந்துதான். எதிர்ச் சுவரைப் பார்த்து அவள் ஒரு கண்ணைப் பொத்தினாள். பிறகு மற்றக் கண்ணை. அந்தக் குழப்பத்தை நான் ஒரு மாரி முழுக்கப் பழகியவன்.

மாமா மெதுவாகப் பேசினார். பார்வை தரையில் இருந்தது.

"வீடு உன்ட அம்மா தந்தது. வளவு அவட. குடியும் அவட குடி. கோயில் மருமகனுக்கு. என்னில இருந்து உனக்கு வர ஒண்டுமில்ல எண்டுதான், மகள், நான் நினைச்சிருந்தன்."

கம்சாயினி பொத்திய கையை எடுத்தாள். கோபமாகச் சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை. அவருக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"இது வந்திரிக்கி, அப்பா."

மாமா அழுதார். வண்ணக்கர் அழுது நான் கண்டதில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து, என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிக் கையைக் காட்டி, மகளின் இடப் பக்கத்தை விட்டு வலப் பக்கம் வந்து இருந்தார். அவள் காணக்கூடிய பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அது அப்படி இல்லை. அந்தக் கறுப்புத் திட்டு எங்கேயோ மேலே, அவள் தலையை நிமிர்த்தினாலும் தெரியாத ஒரு இடத்தில். எந்தப் பக்கம் இருந்தாலும் அவளுக்கு அவர் தெரிவார். அதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.